மூன்றாம் படத்தில் இருந்த பெயர்

பூஞ்சை டாக்டரின் பயம் சாதாரணப் பயம் இல்லை. ஊரில் உள்ள பயத்தையெல்லாம் கூப்பிட்டுத் தன் வயிற்றில் குடிவைத்திருப்பவள். போன் அடித்தால் பயப்படுவாள். அடிக்காவிட்டால் அதைவிட அதிகமாகப் பயப்படுவாள்.

ஊசி போடும் டாக்டர் இல்லை. ஈரச் சுவரில் படரும் கறுப்புப் பூஞ்சை எப்படிப் பெயிண்டைத் தின்கிறது என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். நாமெல்லாம் அதைக் கண்டால் துடைத்துப் போடுவோம். அவள் பக்குவமாகச் சுரண்டி, மூடி போட்ட சின்னக் கண்ணாடித் தட்டில் வைத்து, வேளாவேளைக்கு இரை போட்டு வளர்ப்பாள்.

ஆய்வகத்தில் அவளுக்கு ஒப்பந்த வேலை. ஆறு மாதத்தில் முடிகிறது. அதற்குமேல் அங்கே இருக்க வேண்டுமென்றால் ஒரே வழி, புது ஆராய்ச்சியாளர்களுக்கு அரசாங்கம் தரும் நிதி. மூன்று வருடச் சம்பளம், செலவு எல்லாம் அதிலேயே வந்துவிடும். ஆனால் பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் கேட்க வேண்டும். அவளுக்கு மீதி இருந்தது பத்தொன்பது நாள். அடுத்த வருடம் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். முப்பத்து நாலு வயதில் ஆளைக் கிழவியாக்கும் தொழில் உலகத்திலேயே இது ஒன்றுதான்.

இதில் ஒரு விதி வேறு. ஆள் யாரென்று தெரியாமல் வேலையை மட்டும் பார்த்து மார்க் போடுவார்களாம். விண்ணப்பத்தில் எங்காவது பெயர் தெரிந்தால் படிக்காமலே தள்ளிவிடுவார்கள். அதனால் நாற்பது பக்கத்திலும் தலையில் ஈர் வாங்குவதுபோலத் தன் பெயரைத் தேடித் தேடி எடுத்தாள். ‘என் முந்தைய கட்டுரை’ என்று இருந்ததைக்கூட ‘முந்தைய கட்டுரை ஒன்று’ என்று மாற்றினாள். கடைசி நாள் மதியம் கம்ப்யூட்டரில் அனுப்பிவிட்டு, ஒரு வாரம் கழித்து அன்றுதான் வயிறாரச் சாப்பிட உட்கார்ந்தாள். மாலை ஐந்து மணிக்குக் கதவடைப்பு.

அவள் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருபவர். தன்னைக் கொல்லப் பார்க்கிறவர்கள் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து சம்பாதிப்பதால் பயம் என்பதே மரத்துப்போனவர். சாப்பிட வந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். ஒரு வரியும் ஏறவில்லை, படம் பார்த்தார். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கினார்.

“இது உன் பேருதானே?”

“எங்க?”

“மூடி மேல. கொட்டை எழுத்துல. உங்கப்பா இனிஷியலோட.”

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

ஆய்வகத்துக் குளிர்பெட்டி எல்லோருக்கும் பொது. வெள்ளிக்கிழமை தோறும் அங்கே இருக்கும் உதவியாளர், பெயர் எழுதாத தட்டையெல்லாம் வாரிக் கொட்டிவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன் இப்படி இவளுடைய பதினொரு தட்டு, மூன்று மாத உழைப்பு, குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு மூடியிலும் பஸ் போர்டு மாதிரி பெயர் எழுதுவாள். எழுதி எழுதி அது கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. அங்கே பெயர் இல்லாவிட்டால் குப்பை. இங்கே பெயர் இருந்தால் குப்பை.

திருத்துவதும் லேசில்லை. முதலில் அனுப்பியதைத் திரும்பப் பெற வேண்டும். மறுபடி அனுப்பும்போது துறைத் தலைவரின் போனுக்கு ஒரு எண் வரும், அவர் அதைச் சொன்னால்தான் ஏறும். அவரோ பல் ஆஸ்பத்திரியில். ஐந்து தடவை அடித்தாள், எடுக்கவில்லை. எடுத்தாலும் பயம்தான். ஒப்பந்தத்தை நீட்டவோ வெட்டவோ கையெழுத்துப் போடுகிறவரும் அவரே. அவரிடம் போய் இந்தக் கூத்தை எந்த வாயால் சொல்வது?

“அப்படியே விட்டா?” என்றார் வீட்டுக்காரர்.

“தள்ளிடுவாங்க.”

“எடுத்துட்டு, திரும்பப் போட முடியலன்னா?”

“தள்ளுறதுக்குக்கூட ஒண்ணும் இருக்காது.”

“அப்ப ரெண்டும் ஒண்ணுதான். கிளம்பு.”

டிரைவிங் ஸ்கூல் காரில் போனார்கள். அவர் மஞ்சள் விளக்குக்கே நின்றார். பின்னால் வந்த சைக்கிளெல்லாம் தாண்டிப் போனது. கொஞ்சம் மிதிக்கச் சொன்னாள். தன்னிடம் படித்தவர்கள் பார்த்தால் மானம் போய்விடும் என்றார். அவள் உட்கார்ந்திருந்தது சொல்லித் தருகிறவர் சீட். அங்கேயும் ஒரு பிரேக் உண்டு. எதிரே பஸ் வந்தபோதெல்லாம் பயத்தில் அதை ஓங்கி மிதித்தாள், கார் துள்ளித் துள்ளி நின்றது.

“டாக்டர், அது உனக்கில்ல. காலைத் தூக்கி மேல வை.”

சம்மணம் போட்டுக்கொண்டு, மடியில் கம்ப்யூட்டரை வைத்து, படத்தில் மூடியை மட்டும் வெட்டி எடுத்தாள்.

போய்ச் சேர்ந்தபோது நாலு இருபத்திரண்டு. துறைத் தலைவர் மரத்துப்போன கன்னத்தோடு, வாயில் பஞ்சோடு, தன் முறைக்குக் காத்திருந்தார். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்து, கடைசி வாக்கியம் காற்றாகத்தான் வந்தது. அவர் கண்ணாடிக்கு மேலாக அவளையே பார்த்தார். அந்தப் பார்வைக்குள் அவளுக்கு வேலை போய், வீட்டு வாடகை நின்று, பூஞ்சையெல்லாம் அநாதையாகிவிட்டது.

அவர் பஞ்சை எடுத்தார்.

“போன வருஷம் என்னோட நாலு தட்டைக் கொட்டிட்டான்மா அந்த ஆளு. நான் ‘தலைவர்’னு மட்டும் எழுதியிருந்தேன். பேரு எங்கன்னு கேட்டான்.” போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். “போடு.”

‘திரும்பப் பெறு’ என்ற இடத்தில் விரலை வைத்தாள். ‘நிச்சயமா?’ என்று திரை கேட்டது. அவள் பிறந்ததிலிருந்து எதிலும் நிச்சயமாக இருந்ததில்லை. அழுத்தினாள். இப்போது அவளுக்கென்று எங்கேயும் ஒரு விண்ணப்பமும் இல்லை. புதியது ஏற ஆரம்பித்தது. திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, அவள் தலைமுடி நரைக்கும்வரை சுற்றியது. எண் வந்தபோதே நர்ஸும் அவரைக் கூப்பிட்டாள். எழுந்துகொண்டே ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நாலு ஐம்பத்தொன்றுக்கு ஏற்றுக்கொண்டது. வீட்டுக்காரர் எல்லாப் படத்தையும் மறுபடி பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள்.

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முதல் சுற்றில் தேறிவிட்டாள், நேர்காணலுக்கு வரவேண்டும். கூடவே நிரப்பி அனுப்ப ஒரு படிவம். முதல் கட்டத்திலேயே முழுப் பெயர் கேட்டிருந்தது. பேனா அந்தரத்தில் நின்றது.

“ஏங்க, இதுல எழுதலாம்ல?”

அவர் படிவத்தை வாங்கி, மஞ்சள் விளக்குக்கு நிற்பதுபோல நிதானமாக இரண்டு தடவை படித்தார்.

“எழுது. கொட்டை எழுத்துலயே எழுது.”

எழுதினாள், எறும்பு பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவுக்கு.