சாமிக்கூடைக்குள் இருந்தவர்கள்

எங்கள் மகள் ஒன்றரை வயதில் இறந்துபோனாள். கடைசிவரை அவளுக்குத் தலை நிற்கவில்லை. அடுத்த வருஷம், எழுபத்தொன்பதில், மனைவி மறுபடி உண்டானபோது சேலத்து டாக்டர் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். நாங்கள் இருவரும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். நாலு தலைமுறையை எழுதி வாருங்கள், இதேபோல் இறந்த குழந்தைகளை விட்டுவிடாதீர்கள் என்றார். பிறக்கப்போகும் பிள்ளைக்கும் இது வருமா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

பங்காளிகளிடம் போனேன். எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று முப்பாட்டன் காலத்திலிருந்து மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். குழந்தைகள் என்றதும் அப்படி ஒன்றுகூட இல்லை என்று சாதித்தார்கள். நம் வம்சத்தில் குறையா என்று சித்தப்பா மீசையைத் தடவினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் எருமப்பட்டியில் இருந்த பெரியம்மாவிடம் போனேன். பெரியப்பாவின் மனைவி, எங்கள் சாமிக்கூடை அவர் வீட்டில்தான் இருந்தது. தை மாதம் புதுத்துணி சாத்தி எல்லோரும் அதன்முன் விழுந்து கும்பிடுவோம். பெண்கள் மட்டுமே அதைத் திறப்பார்கள். உள்ளே அம்மனின் புடவை இருப்பதாக நாற்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா கைகால் கழுவிவிட்டு வந்து கூடையைத் திறந்தார். எல்லாம் சின்னச் சின்னத் துணிகள். ஒரு பாவாடை என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பி, இது இன்னார் வயிற்றுப் பிள்ளை, இது உன் அப்பனுக்கு நேர் மூத்தது என்று சொல்லிக்கொண்டே போனார். தலை நிற்காத பிள்ளைகள், ஒன்பது பேர். இத்தனை வருஷம் விழுந்து கும்பிட்டது இந்தக் குழந்தைகளைத்தான்.

இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எங்களை ஆரு சாமி கேட்டா?" என்றார்.

பிறகு கூடையின் ஓரத்திலிருந்து ஒரு மஞ்சள் கவுனை எடுத்தார். சேலத்தில் மகளுக்கு நானே வாங்கியது. அது இங்கே எப்படி வந்தது?

"புள்ளைக்கு முப்பதாம் நாள் கும்பிட்டு, மக்யா நாள் விடிஞ்சதுமே உன்ற பொண்டாட்டி கொண்டாந்து வெச்சுது. ஒவ்வொண்ணும் ஆரு புள்ளைன்னு அப்பவே கேட்டுத் தெரிஞ்சுக்கிச்சு."

தாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நான் தேடியதெல்லாம் அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் மறுபடி வயிற்றில் சுமக்கிறாள். இத்தனை நாள் நான்தான் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து தாளை நீட்டினேன். ஒன்பதுதான் எழுதியிருந்தேன், மகள் பெயரை எழுதக் கை ஓடவில்லை. அவள் ஒருமுறை படித்துப் பார்த்தாள். என் பேனாவை வாங்கி, கீழே பத்தாவது பெயரை எழுதினாள்.