வடகாலுக்குப் பாடுகிறவன்

மண்ணாங்கட்டி என்ற பெயரே ஒரு சந்தேகத்தில் வைத்ததுதான். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதுக்கு நல்ல பெயராக வைத்தால் எமனுக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்று பயந்த அவருடைய அம்மா, யாரும் ஆசைப்படாத பெயராகப் பார்த்து வைத்தாள். பிள்ளை தங்கிவிட்டது. அம்மாவின் சந்தேகப் புத்தியையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் வளர்ந்தது.

வளர்ந்து பிள்ளைப்பாக்கத்துக்கே தலையாரி ஆனார். ஊர்க்காவல் வேலை. களத்து நெல், தோப்புத் தேங்காய், ஏரி மீன் எல்லாம் அவர் பொறுப்பு. சந்தேகப்படுவதற்கு சர்க்காரே சம்பளம் கொடுத்தால் மனிதர் எப்படி இருப்பார்? வரப்பில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறவனையும் விடமாட்டார். "இன்னாத்த பொறுக்கற?" என்று நின்று கேட்பார். பெண்சாதி முனியம்மாள் பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோனால், கிண்ணத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் வழிவிடுவார். உலகத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒன்றே ஒன்று, எங்கள் ஊர் சடுகுடு கட்சி.

நான் அந்தக் கட்சியில் இடது ஓரத்தில் நிற்கிறவன். பெயர் நடேசன். வருகிறவன் காலைப் பிடிப்பது என் வேலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு 'சடுகுடு சடுகுடு' என்று எதிர்க்கட்சிக்குள் போவதை எங்கள் பக்கத்தில் பாடப் போவது என்போம். போகிறவன் பாடுகிறவன். எங்களுக்குப் பாடுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தாலும், பிள்ளைப்பாக்கம் என்றால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்வது தசரதனைத்தான். மண்ணாங்கட்டியின் அக்கா சின்னப்பொண்ணுவின் மகன். எழுபத்தொன்று தை மாதம், அவனுக்கும் மண்ணாங்கட்டியின் மகள் கங்காவுக்கும் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். கல்யாணம் வைகாசியில் என்று பேச்சு.

தாம்பூலம் மாற்றும்போது மண்ணாங்கட்டி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தசரதனுக்கு நல்ல சாரீரம். அதனால்தான் பயம். "கூத்து கீத்துன்னு மேடை ஏறினான்னு தெரிஞ்சுது, பொண்ணு கெடையாது." கூத்தின் மேல் அவருக்கு அப்படி என்ன கோபம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். கூத்து வைத்தால் ஊரே போய் உட்கார்ந்துவிடும், களத்தில் ஆள் இருக்காது, விடிந்தால் நெல் குறைந்திருக்கும். அவர் கணக்கில் கூத்தாடியும் களவாணியும் கூட்டாளிகள். தசரதன் தலையாட்டினான்.

அறுப்பு முடிந்தபின் தையிலிருந்து சித்திரை வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவது ஓர் ஊரில் பந்தயம் நடக்கும். தையில் வைத்த மூன்றையும் ஜெயித்தோம். மாசி பிறந்ததும் பிடித்தது சனியன். ஒரகடத்தில் தோற்றோம். அடுத்த வாரம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றோம். சொந்தக் களத்திலேயே ஒரு சுண்டைக்காய் கட்சியிடம் மண்ணைக் கவ்வினோம்.

மண்ணாங்கட்டி ஒரு பந்தயமும் தவறவிடமாட்டார். கோட்டோரம் குந்திக்கொண்டு, நம் ஆள் பாடப் போனால் அவரும் மூச்சைப் பிடிப்பார். அவன் திரும்பி வந்தபிறகுதான் விடுவார். தோற்க ஆரம்பித்ததும் தலையாரி வேலையைக் கட்சிக்குள்ளேயே காட்டத் தொடங்கினார். முதலில், நடுவர் எதிர்க்கட்சிக்காரனுக்கு மச்சான் என்றார். அப்புறம் நடுவில் குடித்த சோடாவில் எதையோ கலந்துவிட்டார்கள் என்றார். அடுத்த வாரம் வீட்டிலிருந்து பானையில் தண்ணீர் கொண்டுவந்து, பானை மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டே ஆட்டம் பார்த்தார். எங்கள் தலைவன் தணிகாசலம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் சட்டை யார் எடுத்துக் கொடுத்தது என்று விசாரணை. என் சின்னம்மா ஒரகடத்தில் வாழ்க்கைப்பட்டவள். அதற்காக என்னையும் பிடித்துக்கொண்டார்.

"போன வாரம் சின்னம்மா வூட்டுக்குப் போனியே, இன்னா கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்பு மாமா."

"கருவாட்டுக்கா ஊரைக் காட்டிக் குடுத்த?"

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆனால் நோய் ஒட்டிக்கொண்டது. நாங்களே ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தோம். அவன் ஏன் கையை விட்டான், இவன் ஏன் முன்னால் போகவில்லை என்று ஆட்டம் முடிந்ததும் முணுமுணுப்பு. தசரதனை மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையில் ஓட்டை அங்கேதான் இருந்தது. முன்பெல்லாம் போனால் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வருகிறவன், இப்போது பாதியிலேயே மூச்சு அறுந்து நின்றான். தொண்டை கரகரத்தது. மண்ணாங்கட்டியும் அதைப் பார்த்தார். வீட்டு மாப்பிள்ளை ஆயிற்றே, கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

பங்குனி முதல் வாரம், வல்லம் வடகாலிலிருந்து கீரை விற்க வரும் மீனம்மாள் தலையாரி வீட்டு வாசலில் கூடையை இறக்கினாள். நான் அங்கே இருந்தேன். முனியம்மாளுக்கு முளைக்கீரையை எடுத்துப் போட்டுக்கொண்டே வெள்ளந்தியாகச் சொன்னாள்:

"உங்க ஊரு தசரதன் எங்க ஊருக்கு இன்னாமா பாடறான்! மூச்சே வுடாம பாடறான். நம்ம புள்ளைங்கள்லாம் வாயப் பொளந்துகினு பாக்குதுங்க."

மண்ணாங்கட்டியின் முகத்தை நான் பார்த்தேன். பல் விளக்கிக்கொண்டிருந்த வேப்பங்குச்சி வாயிலேயே நின்றுவிட்டது. வடகால் கட்சிதான் எங்களுக்குப் பரம வைரி. அவர்களோடுதான் சித்திரையில் கடைசிப் பந்தயம். எங்களிடம் மூச்சு அறுந்து நிற்கிறவன் அங்கே போய் மூச்சே விடாமல் பாடுகிறானாம். எனக்கும் வயிறு எரிந்தது. நான் ஒரு வார்த்தை அவனுக்காகப் பேசவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு, ஆட்டம் தொடங்கும் முன்னால், அத்தனை பேர் நடுவிலும் தசரதனை நிறுத்தினார்.

"வடகாலுக்குப் பாடறியாமே?"

தசரதன் முகம் வெளுத்துவிட்டது. "யாரு மாமா சொன்னது?"

"கேட்டதுக்கு பதில் சொல்லு. பாடறியா, இல்லியா?"

"பாடறேன் மாமா."

"எத்தினி நாளா?"

"மாசி பொறந்ததுலேர்ந்து. மத்தியானத்துல போறேன். அவங்க ஆளு ஒத்தன் படுத்துட்டான், இட்டுகினு போனாங்க. எனக்கும் ஆசை. தப்புதான். கங்காவுக்குக் கூட தெரியும்."

ஒப்புக்கொண்டுவிட்டான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மண்ணாங்கட்டி கையை ஓங்கி ஒன்று விட்டார். "ஊரையே வித்துட்டியேடா! இத்தினி நாள் நீதான் தோக்க வச்சியா? உனக்கு எம் பொண்ணு ஒரு கேடா?"

தசரதன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் விழித்தான். பிறகுதான் அவனுக்கு விளங்கியது போலிருந்தது. எங்கள் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்று பார்த்தான். என் முகத்தையும்தான். "வித்துட்டனா? நானா?" என்றான். யாரும் வாயைத் திறக்கவில்லை. பனியனைக் கழற்றித் தணிகாசலம் காலடியில் போட்டான்.

"சரி மாமா. இனிமே நெஜமாவே வடகாலுக்குப் பாடறேன். சித்திரையில பிள்ளைப்பாக்கத்த மண்ணைக் கவ்வ வெக்கிறேன். வெச்சா உன் வூட்டுக்கு வந்து பொண்ணு கேப்பேன். இல்லாங்காட்டி இந்த ஊர் எல்லையே மிதிக்க மாட்டேன்."

அன்றைக்கே துணியை எடுத்துக்கொண்டு வடகாலுக்குப் போய்விட்டான்.

தலையாரிக்குத் திருட்டைப் பிடித்தால் மட்டும் போதாது, கையும் களவுமாகச் சாட்சியோடு பிடிக்க வேண்டும். நாலு நாள் கழித்து மத்தியானம் என்னை இழுத்துக்கொண்டு வடகாலுக்குப் போனார். பயிற்சி நடக்கும் இடத்தைப் பார்த்து, அவனை விலைக்கு வாங்கியவர்கள் யார் என்பதையும் தெரிந்துகொண்டு வரத் திட்டம். வைக்கோல் போருக்குப் பின்னால் பதுங்கினோம். ஆட்டக் களத்தில் ஒரு நாயைத் தவிர யாருமில்லை. அம்மன் கோயில் மண்டபத்திலிருந்துதான் சத்தம் வந்தது. மிருதங்கம், ஆர்மோனியம், அதற்கு மேலே ஒரு குரல். தசரதன் கூத்துக்குப் பின்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். பங்குனித் திருவிழாக் கூத்துக்கு ஒத்திகை. ஒரே அடியை இழுத்து, சுழற்றி, விடாமல் மேலே கொண்டுபோனான். மண்டப வாசலில் மீனம்மாள் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

எங்களைப் பார்த்ததும், "சொன்னனே, மூச்சு வுடாம பாடறான்னு" என்றாள்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவள் சொன்னது இந்தப் பாட்டு. நாங்கள் கேட்டது சடுகுடு. அன்றைக்கு அவன் ஒப்புக்கொண்டதும் இந்தத் தப்பைத்தான். நிபந்தனையை மீறிக் கூத்தில் பாடிய தப்பு. கூத்து என்று தெரிந்தாலும் கல்யாணம் நின்றுவிடும் என்றுதான் கங்காவும் மறைத்திருக்கிறாள். தினம் மத்தியானம் தொண்டையை இங்கே கொட்டிவிட்டு வந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை களத்தில் மூச்சு எங்கே நிற்கும்?

திரும்பி வரும்போது ஏரிக்கரையில் மண்ணாங்கட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எம் பொண்ணு தலையில நானே கல்லைப் போட்டேன் நடேசா" என்றார்.

மறுநாள் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். சின்னப்பொண்ணு ஆள் அனுப்பிப் பார்த்தாள். தசரதன் சொன்ன பதில் ஒன்றுதான். மாமா மேல் கோபம் தீர்ந்துவிட்டது, ஆனால் ஊர் நடுவில் சொன்ன சொல்லைத் தின்ன முடியாது. கங்கா அப்பாவிடம் நேராகவே கேட்டாள். "நைனா, ஊரு ஜெயிக்கணுமா, தசரதன் மாமா வரணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு." அவர் தடியை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார். இருபது வருஷம் ஒரே கட்சியைத் தூக்கிச் சுமந்த மனிதர். என்ன சொல்வார்?

சித்திரையில் எங்கள் களத்திலேயே கடைசிப் பந்தயம். மண்ணாங்கட்டி வழக்கமான இடத்தில் வந்து குந்தினார். சத்தம் இல்லை, தண்ணீர்ப் பானை இல்லை, யாரையும் விசாரிக்கவும் இல்லை. கூத்து முடிந்து ஓய்ந்திருந்த தசரதனுக்குத் தொண்டை திறந்திருந்தது. பாடிப் பாடி மூச்சும் நீண்டிருந்தது. ஆனாலும் அன்றைக்கு எங்களுக்கு வெறி பிடித்திருந்தது. கடைசியில் வடகால் பக்கம் தசரதன் ஒருத்தன். எங்கள் பக்கம் தணிகாசலம், கண்ணப்பன், நான். பாட வேண்டிய முறை அவனுடையது. பிடித்துவிட்டால் பந்தயம் எங்களுக்கு. எங்களைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட்டால் அவர்களுக்கு.

வந்தான். கண்ணப்பனைத் தொட்டான். தொட்ட கையோடு தணிகாசலம் இடுப்பைக் கட்டினான். கண்ணப்பன் முதுகில் விழுந்தான். நான் கணுக்காலைப் பிடித்தேன். மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே தசரதன் விழுந்தான். நீட்டிய கைக்கும் கோட்டுக்கும் ஒரு சாண். 'சடுகுடு சடுகுடு' இன்னும் வந்துகொண்டிருந்தது, தேய்ந்து தேய்ந்து. ஊரே எழுந்து கத்தியது, "விடாதே! விடாதே!"

அந்தக் கூச்சலுக்கு நடுவில் மண்ணாங்கட்டி ஓடிவந்து கோட்டுக்குப் பக்கத்தில் முட்டி போட்டார். கண்ணில் தண்ணீர். "எட்றா! எட்டித் தொட்றா கண்ணு!"

ஊர் அப்படியே அடங்கிவிட்டது. கோட்டுக்கும் தசரதனுக்கும் நடுவில் இருந்தது என் கை ஒன்றுதான். அன்றைக்கு அவன் எங்கள் முகத்தையெல்லாம் பார்த்தபோது நான் வாயைத் திறக்கவில்லையே, அந்த அவமானம் இன்னும் தீரவில்லை. என் பிடி நல்ல பிடி. இன்னும் பத்து எண்ணும்வரை தாங்கியிருக்கும். நான் விரலைத் தளர்த்தினேன். தசரதனின் கை கோட்டைத் தொட்டது.

பிள்ளைப்பாக்கம் தோற்றது. "தலையாரியே ஊரைக் காட்டிக் குடுத்துட்டான்" என்று ஆளாளுக்கு ஏசினார்கள். புழுதியோடு எழுந்து வந்த தசரதன், "வூட்டுக்கு வரலாமா மாமா?" என்று கேட்டதும் மண்ணாங்கட்டி அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

வைகாசியில் கல்யாணம். முனியம்மாள் இலை போட்டதும் மண்ணாங்கட்டி என்னைக் கையைப் பிடித்து அழைத்துவந்து முதல் பந்தியில் உட்கார வைத்தார். அவரே குனிந்து வடை வைத்தார், பாயசம் ஊற்றினார். பக்கத்து இலையில் இருந்த தணிகாசலத்தைக் காட்டி என் காதருகே மெதுவாகச் சொன்னார்:

"இவன் மேல எனக்கு சந்தேகந்தான்டா. இடுப்பை லூசாதான் புடிச்சிருந்தான், நான் பார்த்தேன். கண்ணப்பனும் அப்பிடித்தான். அன்னிக்கு கடைசி வரைக்கும் உண்மையா புடிச்சவன் நீ ஒருத்தன்தான்."

நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.