மூன்று பியூஸ் கட்டைகள்

ஆவுடையார்கோவில் பக்கம் கரண்டு வந்த புதிதில் என்னோடு வேலை பார்த்த லைன்மேன் ஒருவர் என்னை இன்னும் குழப்புகிறார். ஒல்லியான மனிதர், என்னைவிட இளையவர், முழங்கையில் பழைய தீக்காயத் தழும்பு. கம்பம் ஏறுமுன் டிரான்ஸ்பார்மரின் மூன்று பியூஸ் கட்டைகளையும் தானே பிடுங்கி, துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்வார். அவர் இறங்கி வரும்வரை யாரும் கரண்டு விட முடியாது. டிரான்ஸ்பார்மரடியில் நான் காவல் நின்றாலும் அப்படித்தான்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இதுக்குன்னே நான் ஒருத்தன் நிக்கிறேன். என்மேல நம்பிக்கை இல்லையா ஒங்களுக்கு?"

அவர் கோபப்படவில்லை. பையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இந்தாங்கண்ணே, இன்னைக்கு நீங்களே வச்சிருங்க."

திரும்பிப் பார்க்காமல் நடந்து, தோப்புக்கு அந்தப்பக்கம் இருந்த கம்பத்தில் ஏறப் போய் மறைந்துவிட்டார். சற்று நேரத்தில் ஒரு விவசாயி ஓடி வந்தார். "மோட்டாரு நின்னுபோச்சுங்க, நாத்து வாடுது. அங்கிட்டு வேலை முடிஞ்சிருக்கும், கட்டைய மாட்டி விடுங்க."

முடிந்திருக்குமோ? எனக்கு எப்படித் தெரியும்? பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அசையாமல் நின்றேன். லைன்மேன் திரும்பி வந்து, என் விரல்களைப் பிரித்துத்தான் பையை வாங்கினார்.

மறுநாள் அவர் கட்டைகளைப் பிடுங்கியதும், நானே பையை அவர் தோளில் மாட்டிவிட்டேன். அவர் சிரித்தார். முதல்நாள் பையைத் தந்தபோது என்னை நம்பினாரா, தண்டித்தாரா? அந்தச் சிரிப்பிலும் எனக்கு விளங்கவில்லை.