அம்மாவின் விரல்கள்

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது நான்தான். அப்போது எனக்குப் பதினாறு வயது, பள்ளியில் நான்காம் படிவத்தில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. பள்ளியில் கொடுக்கும் தாள்களில் அவர் மை தொட்டுக் கட்டைவிரலை அழுத்துவது எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு மாதத்தில் பெயரை எழுதப் பழகிக்கொண்டார். இனி ரேகையே வேண்டாம் என்று பெருமையாகச் சொன்னேன்.

போன வருடம், கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் அவர் துப்புரவு வேலை பார்க்கும் தொழிற்சாலையில் வருகைப் பதிவுக்குக் கைரேகை மெஷின் வைத்தார்கள். பத்து விரலையும் வைத்துப் பார்த்தும் அம்மாவுடையது பதியவில்லை. திங்கட்கிழமைக்குள் பதியாவிட்டால் அங்கே வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் வேறு ஆளை அனுப்பிவிடுவார் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"பதினோரு வருஷமா நான் கூட்டுற இடம். மெஷினுக்கு என்னைத் தெரியலையாம் லா," என்று அம்மா சிரித்தார். ஆனால் சோறு இறங்கவில்லை.

பட்டம் வாங்கியவள் நான், எனக்குத் தெரியாததா? பிளீச்சும் தூசியும் படிந்து ரேகை அடைத்துக்கொண்டது என்று முடிவுசெய்தேன். பாத்திரச் சோப்பும் பழைய பல் பிரஷ்ஷும் எடுத்து, காலையும் மாலையும் விரல்களைத் தேய்த்தேன். அதற்கு மேல் கிருமிநாசினி. மூன்றாம் நாள் வலது கட்டைவிரல் வெடித்து ரத்தம் கசிந்தது. அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நீ படிச்ச பிள்ள. தெரிஞ்சுதான் செய்வ."

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும், பிரிக்பீல்ட்ஸில் என் அலுவலகத்துக்குப் பக்கத்து மருந்துக்கடையில் விரலின் படத்தைக் காட்டினேன். மருந்தாளுநருக்கு என் வயதுதான் இருக்கும். என்ன போட்டுத் தேய்த்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அக்கா, அது கையா, பாத்திரமா?"

"அம்மாவுக்கு எந்நேரமும் வேர்க்குது. இந்த ஊர்ல தோல் எப்படிக் காயும்?"

"வேர்வை மேல ஓடிடும். தோலுக்குள்ள தண்ணி நிக்கணும்னா எண்ணெய்ப் பசை வேணும். சோப்பும் பிளீச்சும் அதைத் தூக்கிடுது, பின்னாடியே தண்ணியும் போயிடுது. உங்கம்மாவுக்கு இப்ப ரெண்டுமே இல்ல. காஞ்ச விரல மெஷின் சரியாப் பாக்காது."

வாசனை இல்லாத கெட்டியான கிரீம் ஒன்றைக் கொடுத்தார். கை கழுவியதும் ஈரத்தை ஒற்றியெடுத்து, முழுதும் காய்வதற்குள் தடவ வேண்டும். வேலையில் ரப்பர் கையுறைக்குள்ளே பருத்திக் கையுறை. வெடித்த விரலைத் தொந்தரவு செய்யக்கூடாது, பழுத்தால் கிளினிக்.

"திங்கக்கிழமைக்குள்ள சரியாயிடுமா?"

"தோலுக்குத் திங்கக்கிழமை தெரியாதுக்கா. மத்த விரல்ல ஒன்னு பதிஞ்சா போதும். மெஷின்ல வைக்கிறதுக்கு முன்னாடி கிரீமைத் துடைச்சிடுங்க."

கிள்ளான் ரயிலில் கம்பியைப் பிடித்திருந்த கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாருக்கும் ரேகை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் அம்மாவை நான் தண்ணீரைத் தொடவிடவில்லை. "கல்யாணப் பொண்ணு மாதிரி உட்கார வச்சிட்ட," என்று முணுமுணுத்தார். மணிக்கொருமுறை அவர் விரல்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கொஞ்சம் மென்மையாகியிருந்தது போலவும் இருந்தது, அப்படியே இருந்தது போலவும் இருந்தது.

திங்கள் காலை அரைநாள் விடுப்பெடுத்து அவருடன் போனேன். மெஷின் காவலர் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் வேலிக்கு வெளியே நின்றேன். வலது கையில் எல்லா விரலுக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. இடது கட்டைவிரலுக்கும் சிவப்பு. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா பாவாடையில் கையைத் துடைத்துவிட்டு இடது மோதிர விரலை வைத்தார். பச்சை.

"இனிமே இந்த விரல்தான் ஆன்டி. பத்திரமா வச்சுக்கோங்க," என்றார் சூப்பர்வைசர். அம்மா திரும்பி, அந்த ஒரு விரலை மட்டும் எனக்குத் தூக்கிக் காட்டினார்.

நான் வெடிக்கவைத்த கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. கிரீம் டப்பா பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்திலேயே இருக்கிறது. தினமும் காலை ஏழு மணிக்கு நான் ரயிலில் இருப்பேன். "பச்சை" என்ற ஒரே சொல்லை அம்மா கைப்பேசியில் குரல்பதிவாக அனுப்புவார். அது வரும்வரை கையிலிருக்கும் எதையும் என்னால் படிக்க முடிவதில்லை.