ஒச்சம்மாளின் துண்டு

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்து, சுக்குக் கிடங்கை ஒட்டியிருக்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் கிடக்கும் மரப் பெஞ்சில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்க்கலாம். நான் உட்கார மாட்டேன். சுபாஷிணி என் சித்தி பெண், இருபத்தைந்து வயசு. நடந்ததை அவள் வாயாலேயே சொல்லக் கேட்டவள் நான். நடுராத்திரி இல்லை, அமாவாசை இல்லை. பட்டப்பகலில் நடந்தது.

சுபாஷிணிக்கு அங்கே லேபில் வேலை. நோயாளி உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து வைப்பார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னக் கட்டி, பிளாக் என்பார்கள். அதை யந்திரத்தில் பூட்டிச் சக்கரத்தைச் சுற்றினால் வெங்காயச் சருகைவிட மெல்லிய சீவல் வரும். அதை வைத்துத்தான் சோதனை. சீவியது போக மிச்சத்தை வருஷக்கணக்காகப் பத்திரப்படுத்துவார்கள். நோய் திரும்பி வந்தால் நோயாளிக்கு அந்த மிச்சம்தான் கதி.

காக்கநாட்டில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் வயிற்றுப் புற்றுநோய்ச் சீவல்கள் வேண்டும் என்று கேட்டிருந்தது. லேபின் தலைவர் ஹரிநாராயணன் டாக்டர் விவரமாகவே சொன்னார்.

"உயிரோட இருக்கறவாளோடதைத் தொடறதா இருந்தா சம்மதம் வாங்கணும். மிச்சமும் வைக்கணும் கேட்டியா. போய்ச் சேர்ந்தவாளோடதை முழுக்கச் சீவிக்கோ."

தமிழ்நாட்டு நோயாளிகளுக்குப் போன் செய்து கேட்கும் வேலை, தமிழ் பேசுகிறவள் என்று சுபாஷிணி தலையில் விழுந்தது. ஒச்சம்மாள் என்று ஒருத்தி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே சந்தையில் காய்கறி விற்றவள். சுபாஷிணி ஒரே ஒரு தரம் அடித்தாள். சுவிட்ச் ஆஃப். கம்ப்யூட்டரில் 'இறந்தவர்' என்று தட்டிவிட்டாள். ஊருக்குத் திரும்பியிருப்பாளோ, நம்பர் மாறியிருக்குமோ என்றெல்லாம் யோசிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. கேட்ட சீவல்களை வேளைக்குக் கொடுத்தால் காக்கநாட்டிலேயே அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று சாயங்காலம் அவர்கள் வண்டி வரும். என் சித்தி பெண்தான்; ஆனாலும் சொல்கிறேன், கல்நெஞ்சக்காரி.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வெளியே மழை. கடைசியாக ஒச்சம்மாளின் பிளாக்கை எடுத்தாள். சீவுவதற்கு முன் பிளாக்கை ஐஸ்மேல் வைப்பது வழக்கம். இதையும் வைத்துத்தான் இருந்தாள். எடுத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரர் நெற்றியைப் போல. ஐஸ் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

யந்திரத்தில் பூட்டினாள். சக்கரத்தைச் சுற்றினாள். டக்.

வெளியே பெஞ்சிலிருந்து ஒரு சத்தம். ஸ்ஸ்...

இன்னொரு சுற்று. டக். ஸ்ஸ்...

கையை நிறுத்தினாள். சத்தமும் நின்றது.

கதவைத் திறந்து பார்த்தாள். நடுத்தர வயசுக்காரி ஒருத்தி பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொட்டுகிற மழையில் வந்தவள். சேலையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"என்ன வேணும்? ரிப்போர்ட்டா? இப்போ உள்ளே கேறப்படாது."

"கொஞ்சம் மிச்சம் வையி தாயி."

"எதுலே?"

"நாளைக்கு எங்க வீட்டுக்காரரு வாங்க வருவாரு. புது மருந்து இருக்குதாம். அந்தத் துண்டைப் பாத்துட்டுத்தான் குடுப்பாகளாம்."

"பேரென்ன?"

"ஒச்சம்மா."

இறந்தவள் என்று சுபாஷிணி தட்டியது இவளைத்தான். மெழுகுக்குள் இன்னும் துவரம்பருப்பு அளவு சதை மிச்சம் இருந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் காக்கநாட்டுக் கணக்குக்கு அதுவும் வேண்டியிருந்தது.

"உங்களோடது பத்திரமா இருக்கு, கேட்டேளா. நாளைக்கு வரச் சொல்லுங்கோ."

கதவைச் சாத்தினாள். தாழும் போட்டாள்.

டக். ஸ்ஸ்...

டக். ஸ்ஸ்ஸ்...

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவள் மெலிந்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது.

டக். டக். டக்.

மறுபடி பார்த்தாள். ரவிக்கைக் கைக்குள் எலும்பு மட்டும்...

பயந்தாள். பயந்துகொண்டே சுற்றினாள். என்னிடம் அப்படித்தான் சொன்னாள்.

துவரம்பருப்பு கடுகானது.

கடுகு புள்ளியானது.

டக்.

வெறும் வெள்ளை மெழுகு.

வெளியே சத்தமில்லை. பெஞ்சில் ஒரு சேலை மட்டும் கிடந்தது. அவள் கதவைத் திறப்பதற்குள் அதுவும் இல்லை.

மறுநாள் காலையில் ஒருவர் வந்தார். ஒச்சப்பன். ஒச்சம்மாளின் புருஷன். கையில் மதுரை டாக்டர் கொடுத்த சீட்டு.

"மதுரை ஆஸ்பத்திரியில கெடக்காம்மா. படுக்கையை விட்டு எந்திரிச்சு ஒரு மாசமாச்சு. நேத்து மத்தியானம் நான் பஸ் ஏறுற நேரத்துல, யாரோ வயித்துக்குள்ள சீவுறாகன்னு துடிச்சுட்டா."

சுபாஷிணி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும். அந்த வெறும் மெழுகுக் கட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இதுக்குள்ளதான இருக்கு?"

"ஆமாம்."

தோள் துண்டில் பொதிந்து மடியில் கட்டிக்கொண்டார். அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். இதைச் சொன்னபோதும் சுபாஷிணி அழவில்லை.

காக்கநாட்டில் வேலை கிடைத்தது. சில வாரம் கழித்து ஹரிநாராயணன் டாக்டர் போன் செய்தார்.

"மதுரைலேர்ந்து கூப்பிட்டா. நீ குடுத்த பிளாக் மாறிப் போயிருக்கு."

"மாறலையே டாக்டர்."

"உள்ளே சதை இருக்கு. ஆனா அந்தம்மாவோட ரத்தத்தோட ஒத்துப்போகலை. யாரோ சின்ன வயசுப் பொம்மனாட்டியோட வயிறாக்கும். மருந்து குடுக்க முடியாமே அந்தம்மா போயிட்டா."

சுபாஷிணி போனை வைத்தாள். கொடுத்த கட்டிக்குள் எதுவும் இல்லை என்பது அவளுக்கு மட்டும்தானே தெரியும்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தாள். வயிற்றில் சுருக்கென்றது.

ஸ்ஸ்...

நின்றது. மறுபடி சுருக்கென்றது. மறுபடி. யாரோ நிதானமாகச் சக்கரத்தைச் சுற்றுவது போல.

தேவராவில் சிவராமகிருஷ்ணன் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்ததும் கேட்டார்.

"ஏற்கெனவே எங்கேயோ துண்டு எடுத்துப் பார்த்திருக்கேளே, எங்கே?"

எங்கேயும் இல்லை. அவள் வயிற்றுக்குள் குழாய் போனது அன்றுதான் முதல்முறை.

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இரைப்பைச் சுவரில் ஒரு துவரம்பருப்பு அளவுக்குச் சதை இல்லை. கத்தி வைத்த மாதிரி சுத்தமாகச் சீவியிருந்தது.

போன வாரம் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். பள்ளம் ஒரு தீப்பெட்டி அளவு இருக்கிறது.