தறிக்குழியில் புகை போட்ட சீஸ்

சென்ற வருடம் பங்குனி மாதம், காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் கணவர் பட்டு நெய்கிறவர். வீட்டின் பின்கட்டில்தான் தறி. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், கம்பெனி வேலையாக வெளிநாடு போக வேண்டி வந்ததால், மாசமாக இருந்த மருமகளை எங்களிடம் விட்டுப் போனான். அவளுடைய அம்மா வீடு வேலூரில், பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம்தான். ஆனால் காதல் கல்யாணம். தாலி ஏறிய நாளிலிருந்து அந்த அம்மா மகளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

வந்த நாள் முதல் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. சோறு கொதித்தால் குமட்டல், தாளித்தால் குமட்டல், எனக்கு உயிரான காபி வாசனைக்கும் குமட்டல். மாடி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரும் கையுமாக இருப்பாள். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ட்ரிப்ஸ்தான் ஏற்ற வேண்டும், பிடித்ததை எதையாவது சாப்பிட வையுங்கள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என்னம்மா பிடிக்கும் என்று கேட்டால், "பரவாயில்ல அத்தை" என்பாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபமே வந்துவிட்டது. நச்சரித்ததில் ஒருநாள் வாயைத் திறந்தாள். பெங்களூரில் ஒரு கடையில் புகை போட்ட சீஸ் சாப்பிட்டாளாம், அந்த நினைப்பாகவே இருக்கிறதாம்.

எனக்குத் தெரிந்து வாழைத்தாருக்குத்தான் புகை போடுவார்கள். விசாரித்துப் பார்த்தேன், காஞ்சிபுரத்தில் ஒரு கடையிலும் அப்படி ஒன்று இல்லை. மகன் ஆன்லைனில் வரவழைக்கிறேன் என்றான். மாசமான பெண் ஆசைப்பட்டு ஒன்று கேட்டிருக்கிறாள், அது கூரியரில் ஆடி அசைந்து வரும்வரை நான் சும்மா உட்கார்ந்திருப்பதா? நானே செய்கிறேன் என்று இறங்கிவிட்டேன். எனக்கு எதிலும் அவசரம்தான்.

பேக்கரியில் இரண்டு சீஸ் கட்டி வாங்கினேன். இட்லிப் பானையின் அடியில் தணல், அதன்மேல் தச்சுப் பட்டறையில் அள்ளி வந்த மாமரச் சீவல், மேலே இட்லித் தட்டில் ஒரு கட்டி சீஸ் என்று வைத்து மூடினேன். திறந்து பார்த்தால் சீஸைக் காணோம். தட்டின் துளை வழியாக உருகி ஒழுகி, தணலில் விழுந்து கருகிக் கிடந்தது. அந்தப் பானையில் அப்புறம் இட்லியே அவிக்க முடியவில்லை.

பிறகுதான் பொறுமையாகப் போனில் வீடியோ பார்த்தேன். சீஸுக்குச் சூடே படக்கூடாதாம், புகை மட்டும்தான் போக வேண்டுமாம். நெருப்பு ஓரிடத்தில், சீஸ் ஓரிடத்தில், நடுவில் நீளமாக ஒரு குழாய். பரணில் பழைய அடுப்படிச் சிம்னியின் அலுமினியக் குழாய் கிடந்தது. நெருப்புக்கு வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் தூபக்காலை எடுத்துக்கொண்டேன். அதன்மேல் ஒரு பழைய தகர டின்னைக் கவிழ்த்து, ஓட்டை போட்டுக் குழாயைச் செருகினேன். எல்லாம் சரி, சீஸை எங்கே வைப்பது? பங்குனி வெயிலில் வீட்டில் எங்கே வைத்தாலும் அது வெண்ணெயாகிவிடும். அப்போதுதான் தறிக்குழி நினைவுக்கு வந்தது. நெய்கிறவர் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதிப்பதற்காகத் தரையில் தோண்டிய குழி. கத்திரி வெயிலிலும் கால் குளுகுளு என்று இருக்கும் என்று என் கணவரே பெருமை அடிப்பார். தறியில் ஏற்றிய ஒரு பாவு நூலை நெய்து முடித்து, அடுத்த பாவுக்காகக் காத்திருந்த நேரம் அது. தறியில் நூல் எதுவும் இல்லை.

கேட்டதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "தறிக்குழி சாமி இருக்கற எடம்மா. அதுல சீஸ வெச்சிப் பொகை போடுவியா நீ?" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. பட்டு எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். அடுத்த பாவு யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவை. திரும்பி வந்தவரிடம் நான் வாதாடவில்லை. மாடிக்குப் போய் அந்தப் பெண்ணின் கன்னத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். இறங்கி வந்தவர், குழியை மூட ஒரு சாக்கை நனைக்கப் போனார்.

அதற்குப் பிறகு வேலை முழுக்க அவர் கைக்குப் போய்விட்டது. நெருப்பைக் கொல்லையில் வைத்தார், குழாயை ஜன்னல் வழியாகக் குழிக்குள் இறக்கினார், பலகை போட்டு ஈரச்சாக்கால் மூடினார். ஒரு இழை அறுந்தாலே கண்டுபிடிக்கிற கண், புகை கசிந்தால் விடுமா? இண்டு இடுக்கெல்லாம் களிமண் அப்பினார். அவ்வப்போது சீவல் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் விளக்கேற்ற உள்ளே போனேன்.

அன்று வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்ததும் தறிக்குச் சாம்பிராணி காட்டுவது அவருடைய பல வருடப் பழக்கம். திடீரென்று வீடெல்லாம் கமகமவென்று மணத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், தூபக்காலுக்கு முன்னால் சாம்பிராணி டப்பாவும் கையுமாகத் திகைத்து நிற்கிறார்.

"வெள்ளிக்கெழமமா. கை தன்னால போயிடுச்சி" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்த ஒரே கட்டியும் போயிற்று. பலகையைத் தூக்கினால், சீஸ் உருகாமல் கொள்ளாமல், வீடியோவில் பார்த்தது போலவே பொன்னிறத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. வாசனைதான் கோயில் பிரகாரம். அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் வாசற்படியில் மருமகள். எந்த வாசனைக்கும் கதவைச் சாத்துகிறவள் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். வாந்தி வரப்போகிறது என்று நான் பாத்திரம் தேடினேன்.

"அத்தை, எங்கம்மா வெள்ளிக்கிழமை தலைக்கு ஊத்திவிட்டு இப்படித்தான் முடியில சாம்பிராணி காட்டுவாங்க" என்றாள்.

தறிக்குழி ஓரத்திலேயே உட்கார்ந்து சீஸைக் கேட்டாள். புகை படிந்த மேல்பக்கத்தைச் சீவிவிட்டு, உள்ளிருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டிக் கொடுத்தேன். சாப்பிட்டாள். இன்னொரு துண்டும் கேட்டாள். பெங்களூர் சீஸ் மாதிரி இருக்கிறதா என்று கேட்டதற்கு, இல்லவே இல்லை என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நானும் வாயில் போட்டுப் பார்த்தேன். விபூதித் தட்டை நக்கியது போல இருந்தது. அடுத்து அவள் தயிர்சாதம் கேட்டதும், நானும் அவரும் ஒரே நேரத்தில் சமையலறைக்கு ஓடி இடித்துக்கொண்டோம்.

தட்டைக் காலி செய்துவிட்டுப் போனை எடுத்தாள். நாங்கள் நகரப் பார்த்தோம், அவள் என் கையை விடவில்லை. அந்தப் பக்கம் எடுத்ததும், "அம்மா" என்றாள். நான் அதுவரை கேட்டறியாத ஒரு குரல், "சாப்ட்டியா?" என்றது.

"இப்பதாம்மா சாப்ட்டேன்" என்று சொல்லி இவள் அழ, அந்தப் பக்கமும் அழுகைச் சத்தம். எனக்கு ஒரு நிமிஷம் பொறாமையாகத்தான் இருந்தது. இத்தனை நாள் நான் ஆக்கிப் போட்டு இறங்காத சோறு, அம்மா நினைப்பில் இறங்கிவிட்டதே! ஆனால் காலித் தட்டைப் பார்த்ததும் அந்தப் பொறாமை எங்கே போனதென்று தெரியவில்லை.

வளைகாப்புக்கு வேலூர்க்காரம்மா சீர்த்தட்டோடு வந்து இறங்கினார். பூ, பழம், வளையலுக்கு நடுவில் ஒரு சீஸ் கட்டியும் இருந்தது. தறிக்குழியைக் கழுவிக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் என் கணவர் புதுப் பாவு ஏற்றினார். அதன் பிறகும் தினமும் நூலை மோந்து பார்ப்பார். ஆனால் கேட்கிறவர்களிடமெல்லாம், சாம்பிராணியைத் தெரிந்தேதான் போட்டேன் என்று கூசாமல் சொல்கிறார். இப்போது வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா வந்துவிட்டால், பேத்தியின் தலைக்கு யார் தூபக்காலைப் பிடிப்பது என்று எங்களுக்குள் சண்டையே நடக்கிறது.

முன்பெல்லாம் யாராவது "பரவாயில்லை" என்று சொன்னால் சரி என்று நகர்ந்துவிடுவேன். இப்போது அந்தத் தறிக்குழி வாசனை நினைவுக்கு வந்துவிடுகிறது, இன்னும் கொஞ்ச நேரம் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.