பண்ணையார் தூக்கிய கை

எங்கள் ஊர்ப் பண்ணையார் புதுவைச் சபையில் ஆறு வருஷம் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். அந்த ஆறு வருஷத்தில் அவர் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவைதான். சன்னலைச் சாத்தச் சொன்னார். கடல் காற்று காகிதங்களை அள்ளிக்கொண்டு போனதாம். "உறுப்பினரின் வேண்டுகோளின்படி மேற்குப் பக்கம் தவிர மற்றச் சன்னல்கள் மூடப்பட்டன" என்று சபை நடவடிக்கைப் புத்தகத்தில் பிரெஞ்சில் அழகாக அச்சுப் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நான் அடுப்படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? ஊரே கூடி மாலை போட்டு அனுப்பிய மனுஷன் அங்கே போய்ச் செய்த காரியம் அது.

பாகூர் கொம்யூனில், எங்கள் ஊரும் சேர்ந்த அந்த வட்டாரத்தில், அந்தப் புத்தகங்களை முழுசாகப் படித்த ஆள் நான் ஒருத்திதான் என்று அடித்துச் சொல்வேன். என் அப்பா புதுவையில் ஒரு துரை வீட்டுத் தோட்டக்காரர். கன்னிகாஸ்திரீகள் பள்ளியில் என்னைச் சேர்த்துவிட்டார். பள்ளி முடிக்கிற சர்த்திபிக்கா பரீட்சை வரை படித்துத் தேறினேன். பிறகு குருவிநத்தத்தில் கட்டிக்கொடுத்தார்கள். படித்த படிப்பு சாணி தட்டவும் நெல் புடைக்கவும் நன்றாகவே உதவியது!

என் வீட்டுக்காரர் பாகூர் மேரியில் சேவகர். மேரி என்பது கொம்யூன் ஆபீஸ். மேர் அதற்குத் தலைவர். புதுவைச் சபை ஒவ்வொரு தடவை கூடிக் கலைந்ததும், அங்கே யார் வந்தார்கள், யார் என்ன பேசினார்கள், எதற்கு யார் கை தூக்கினார்கள் என்று ஒரு புத்தகம் அச்சாகி மேரிக்கு வரும். நூல் போட்டுக் கட்டி வரும் அந்தக் கட்டை யாரும் அவிழ்த்தது கிடையாது. மேசைக்கால் ஆடினால் அதில் ஒன்றை அடியில் வைப்பார்கள். மிச்சத்தை அடுப்பு பற்றவைக்க ஆகும் என்று அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் அவிழ்த்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பண்ணையார் இரண்டாம் தடவை நின்ற தேர்தலுக்கு முன்னால் எங்கள் தெருவுக்கு வந்தார். ஆம்பிளைகள் எல்லாம் முன்னால் நின்று கும்பிட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றபடியே கேட்டேன்: "ஆம்பளப் புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்குது. பொம்பளப் புள்ளைங்களுக்கு எப்ப வரும்?"

"யாரும்மா அது கதவுக்கு அந்தாண்ட?" என்று சிரித்தார். "இந்த வாட்டி நான் போய் ஒக்காந்தா மொத வேலை அதான். இது சத்தியம்."

என் வீட்டுக்காரர் உள்ளே வந்து என்னை முறைத்தார். முறைக்கட்டும். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு மகள், பதினோரு வயசு. துறுதுறுவென்று இருப்பாள். மத்தியானத்தில் என்னிடம் வந்து உட்கார்ந்து எழுத்துக்கூட்டப் பழகிக்கொண்டிருந்தாள், தமிழும் பிரெஞ்சும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் சீமையில், அவளுக்கு ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தான். முப்பது வயசு, முதல் பெண்சாதி செத்தவன். அவள் அப்பன் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தான்: "சர்க்கார் பள்ளிக்கூடம் வந்தா அனுப்பறேன். பரிசத்தத் தள்ளி வெக்கறேன். வூட்டுல ஒக்காந்து படிக்கறதெல்லாம் ஒரு படிப்பா?"

ஆக, பள்ளிக்கூடம் வந்தால் அந்தப் பெண் பலகை எடுத்துக்கொண்டு போவாள். வராவிட்டால் தாலி கட்டிக்கொண்டு போவாள். இதில் எனக்கும் ஒரு ஆசை இருந்தது, மறைப்பானேன். பள்ளி வந்தால் டீச்சர் வேலைக்கு அந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

அதனால்தான் கணக்காகப் பார்க்கத் தொடங்கினேன். பழைய நோட்டு ஒன்றில் கோடு போட்டேன். வந்தாரா, பேசினாரா, எதற்குக் கை தூக்கினார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வரி. புத்தகம் அச்சாகி வர இரண்டு மாசம் ஆகும், ஆனாலும் வரும். சாராயக் கடை ஏலத்துக்குக் கை தூக்கினார். துறைமுகப் பாலத்துக்குத் தூக்கினார். துரைமார் வீட்டுக்கு வெள்ளை அடிக்கத் தூக்கினார். ஒரு கூட்டத்தில் முதலில் ஒன்றுக்குத் தூக்கி, உடனே அதற்கு நேர் எதிரானதற்கும் தூக்கியிருந்தார். எங்கள் ஊர்ப் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

மத்தியானம் அரிசியில் கல் பொறுக்க நாலு பொம்பளைகள் என் வீட்டுக்கு வருவார்கள். வந்ததும் கேட்பார்கள்.

"இன்னாக்கா பண்ணாரு நம்மாளு?"

"கையத் தூக்கனாரு."

"எதுக்கு?"

"கை மரத்துப் போச்சாம், அதுக்கு."

ஓவென்று சிரிப்பார்கள். சன்னல் கதையை நான் எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாயைக் கோணிக்கொண்டு அவர் மாதிரியே பேசிக் காட்டுவேன். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு போதை வந்துவிட்டது, உள்ளதைச் சொல்கிறேன்.

விஷயம் அவர் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஒரு நாள் அவருடைய வண்டிக்காரன் வாசலில் வந்து நின்றான். நாலு பேரும் அரிசியும் கையுமாக உள்ளே இருந்தார்கள்.

"அய்யா உன்னக் கூட்டியாரச் சொன்னாரும்மா. சபையிலேர்ந்து காயிதம் வருது, அடுத்த கூட்டத்துல இன்னா பேசுவாங்கன்னு. ஒண்ணும் புரியல. நீ வந்து படிச்சு சொல்லணுமாம்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு திமிர் வந்ததோ. "பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடம் தொறந்ததும் மொத பெஞ்சுல வந்து ஒக்காரச் சொல்லு. அ ஆவன்னாலேர்ந்து சொல்லித் தரேன்" என்றேன். பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வண்டிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு போனான். இன்னும் இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினேன். என் வீட்டுக்காரர், "ஏண்டி, என் வேலைக்கு ஒல வெக்கப் பாக்கறியா?" என்று கத்தினார். சேவகர் வேலை போனால் போகட்டும், அந்த ஆளுக்குக் குமாஸ்தா வேலை பார்க்க மாட்டேன் என்று நானும் கத்தினேன். அவர் தடுமாறட்டும், விழட்டும், நான் அதை நோட்டில் எழுத வேண்டும். அதுதான் என் ஆசையாக இருந்தது.

அந்த வருஷம் மார்கழியில் வந்த புத்தகத்தில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது.

குருவிநத்தத்தில் பெண்கள் பள்ளி. அச்சில் பார்த்ததும் அந்த வரிமேல் விரலை வைத்துக்கொண்டேன். அடுத்த வரியைப் படித்தேன். நிதிக் குழு அதை வேண்டாம் என்று அடித்து எழுதியிருந்தது. சபைத் தலைவர், குழு சொன்னதை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம் என்றிருக்கிறார். அதாவது கை தூக்கினால் பள்ளி வேண்டாம், கையைக் கீழே வைத்தால் பள்ளி வேண்டும். எண்ணிப் பார்த்ததில் ஒரே ஒரு கை வித்தியாசத்தில் பள்ளி போய்விட்டது. நெருக்கமாக இருந்ததால் யார் யார் என்று பெயர் பெயராகப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கத்தில் 'வேண்டாம்' என்று பிரெஞ்சில் ஒரு சின்னச் சொல், அதன் கீழே எங்கள் பண்ணையார் பெயர்.

நான் புடவையைக்கூட மாற்றவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். வாசலைத் தாண்டி நேராகக் கூடத்துக்கே போய் நின்றேன். கரும்பு வெட்டு ஆட்களுக்கு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பினார்.

"சத்தியம் பண்ணீங்களே, இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றேன்.

என்னைப் பார்த்து முகம் மலர்ந்தது அவருக்கு. "படிச்சிட்டியா? போட்டிருக்கானா? தூக்கனேம்மா, ஒசரத் தூக்கனேன்!"

புத்தகத்தை அவர் முன்னால் விரித்தேன்.

அவரே சொன்னார். சபைக்குப் போகப் பிரெஞ்சு தெரிய வேண்டும் என்று பேச்சு இருந்தது, ஆனால் இவருக்குப் பிரெஞ்சில் கையெழுத்து மட்டும் சுழித்துப் போட வரும், அதுவே போதும் என்று விட்டுவிட்டார்களாம். முன்வரிசையில் கட்சிக்காரர் ஒருவர் உட்கார்வாராம், டவுன்காரர். அவர் கண்ணாடியைக் கழற்றினால் இவர் கை தூக்க வேண்டும். ஆறு வருஷமும் அப்படித்தான். "அன்னிக்கு அந்தாளு வெளிய எழுந்து பூட்டான்" என்றார். "திடீர்னு நம்ம ஊர் பேரு காதுல விழுது. 'குருவிநத்தம்'னு தலைவரே சொல்றாரு. எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது போ. நம்ம ஊருக்கு நாம தூக்கலன்னா யாரு தூக்குவான்? யாரையும் பாக்கல. நானா தூக்கனேன். அந்த சபையில நானா தூக்கனது அது ஒண்ணுதாம்மா."

திட்டுவதற்கென்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அதில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. கடைசியில், "நீங்க தூக்கனது வேணாங்கறதுக்கு" என்றேன். விளக்கிச் சொன்னேன். அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். பிறகு எழுந்து பக்கத்து அலமாரியைத் திறந்தார். சபையிலிருந்து வந்த காகிதங்களை அடுக்கி வைத்திருந்தார். மேலே இருந்ததை எடுத்து என்னிடம் நீட்டினார். அந்தக் கூட்டத்தில் எடுக்கப்போகும் விஷயங்களின் பட்டியல். ஏழாவதாக எங்கள் பள்ளிக்கூடம். குழு வேண்டாம் என்று எழுதியதும் கீழேயே இருந்தது.

"கூட்டத்துக்கு எட்டு நாள் முந்தியே வந்திடுச்சு" என்றார். குரலில் கோபமே இல்லை. "மூணு வாட்டி ஆள் அனுப்பனேனே. நீ வரலியேம்மா."

நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. கரும்புத் தோட்டத்து ஓரமாக நடந்தபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. என் வாய்த்துடுக்கின் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த முட்டாள் மனுஷனை ஊர் அனுப்பியது தப்பு, சரி. படித்தவள் நான், கூப்பிட்டபோது போய் ஏழாவது வரியைப் படித்துச் சொல்லி, "கைய மடியிலயே வெச்சிக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அரிசிக் கல் பொறுக்கும் நாலு பேரைச் சிரிக்கவைப்பது எனக்கு அவ்வளவு பெரிசாகப் போய்விட்டது.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரி நின்றிருந்தாள். புத்தகம் வந்த சேதி தெரிந்துவிட்டது போலிருக்கிறது. மகளும் பின்னால் நின்றாள்.

"இன்னாக்கா பண்ணாரு நம்மாளு?"

"கையத் தூக்கனாரு."

"எதுக்கு?"

"நம்ம பள்ளிக்கூடத்துக்கு" என்றேன். "ஒரு கை கொறஞ்சு போச்சு. பள்ளிக்கூடம் இல்ல."

இப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்து வரவில்லை. வாயில் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அலமாரியைச் சொல்ல வேண்டும். அலமாரியைச் சொன்னால் வண்டிக்காரனைச் சொல்ல வேண்டும். அவன் வந்தபோது இவளும் அங்கே அரிசியும் கையுமாக உட்கார்ந்திருந்தவள்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மனுஷனாவது நமக்காவத் தூக்கனாரே" என்றாள். இந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. பண்ணையாரும் மறுக்கவில்லை, ஏன் மறுக்கப்போகிறார்? அடுத்த தேர்தலில் நாலு பொம்பளைகளும் தங்கள் வீட்டு ஆம்பிளைகளை அவருக்கே ஓட்டுப் போடச் சொல்லி விரட்டினார்கள். என் வீட்டுக்காரர், "இப்பத்தான் புத்தி வந்துது உனக்கு" என்றார். அவரை அடிக்கலாம் போல இருந்தது.

அந்த மார்கழி போய்த் தை பிறந்ததுமே பரிசம் போட்டார்கள். கல்யாணத்துக்கு ஆற்றைத் தாண்டிப் போவதற்கு முந்தின நாள் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். கையில் மருதாணி காயவில்லை.

"பெரிம்மா, அந்தப் புஸ்தவத்தக் காட்டேன். பண்ணையாரு பேரப் பாக்கணும்."

எடுத்துக் காட்டினேன். மருதாணி ஒட்டாமல் சுண்டுவிரலை மட்டும் நீட்டி, நான் சொல்லிக்கொடுத்த எழுத்துகளைக் கூட்டினாள். முதலில் ஊர்ப் பெயர். அடுத்து பண்ணையார் பெயர். இரண்டையும் படித்துவிட்டாள். பெயர்களுக்கு மேலே இருந்த அந்தச் சின்னச் சொல்லில் விரல் நின்றது.

"இது இன்னா பெரிம்மா? இந்தப் பக்கம் இருக்கறவங்க எல்லாம் வேணும்னவங்களா?"

"ஆமா."

அவள் தலையாட்டினாள். இன்னும் ஒரு வருஷம் படித்திருந்தால் அந்தச் சொல்லையும் தானே படித்து, என் பொய்யைக் கையோடு பிடித்திருப்பாள். அந்த ஒரு வருஷம் அவளுக்குக் கிடைக்கவில்லை. புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, மருதாணிக் கையை ஊதிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.